திறந்த கட்டுரையைப் படிக்காமல் மூடுகிறார்களா? தமிழ்ப் பக்கங்களின் பழுதை அறிகுறி வாரியாக நீக்கும் வழிமுறை

ஒரு சிற்றிதழின் இணையப் பக்கத்தையும் நண்பர்கள் சிலரின் தளங்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், மாதத்துக்கு இரண்டு முறையாவது "கட்டுரை நல்லாத்தான் இருக்கு, ஆனா படிக்க முடியலை" என்ற புகார் வந்து சேர்கிறது. எழுதியவர் உடனே தம் நடையைச் சந்தேகிக்கிறார். ஆசிரியரோ, இந்தக் காலத்தில் நீளமாக யார் படிக்கிறார்கள் என்று வாசகரைக் குறை சொல்கிறார். பெரும்பாலும் பிழை அவர்கள் இருவரிடமும் இருப்பதில்லை; பத்தி, வரி இடைவெளி, எழுத்துரு, நிறம் என்று ஏதோ ஒன்றில் இருக்கிறது. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் அதைச் சரிசெய்துவிட முடியும்.

உங்கள் பக்கத்தில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடி, அதன்கீழ் உள்ளவற்றை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்து பாருங்கள். செலவில்லாதது முதலிலும் செலவு பிடிப்பது கடைசியிலும் இருக்கின்றன. சரியானதும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

தொடங்குமுன் இரண்டு பொருள்கள் கையில் வேண்டும். ஒன்று, நடுத்தர விலையில் வாங்கிய ஆண்ட்ராய்டு கைபேசி. தளத்தை உருவாக்கிய மடிக்கணினியில் எல்லாம் அழகாகவே தெரியும் என்பதால் அதை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. மற்றொன்று, புகார் சொன்னவர் தம் கைபேசியிலிருந்து அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். அது வராத வரையில் எதையும் மாற்றத் தொடங்காதீர்கள்.

அறிகுறி 1: முதல் திரையைப் பார்த்ததும் வெளியேறிவிடுகிறார்கள்

முதலில் பார்க்க வேண்டியது பத்தி முறிவு காணாமற்போயிருக்கிறதா என்பதை. வேர்டு கோப்பிலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது பத்திகளுக்கு இடையிலான இடைவெளி சில சமயம் விழுங்கப்பட்டு, பன்னிரண்டு பத்திகள் ஒரே பிண்டமாகிவிடும். மூலக் கோப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முறிவுகள் ஒழுங்காக இருந்தும் பக்கம் கனமாகத் தெரிந்தால், பத்திகள் அச்சுக்காக எழுதப்பட்டவையாக இருக்கும். 360 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரையில், 18 பிக்சல் அளவில் தமிழை அடுக்கினால் ஒரு வரிக்கு மூன்று அல்லது நான்கு சொற்களே கொள்கின்றன. அச்சு இதழில் எட்டு வரியாக அடக்கமாக நின்ற பத்தி இங்கே இருபது வரியைத் தாண்டி, திரையின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் தொட்டுக்கொண்டு நிற்கும். சோதனை எளியது: கைபேசியைச் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு, கட்டுரையில் எங்கே நிறுத்தினாலும் ஒரு திரைக்குள் குறைந்தது ஒரு பத்தி முறிவாவது கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். படவில்லை என்றால் அந்த இடத்தில் பத்தியைப் பிரிக்க வேண்டும். எழுதியவர் "என் பத்தியை உடைக்காதே" என்பார். அவருடைய கைபேசியிலேயே அவர் கட்டுரையைத் திறந்து கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதே நான் கண்ட சிறந்த பதில்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். பத்தியைப் பிரிப்பது வேறு, ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியில் போடுவது வேறு. பின்னதைச் செய்தால் அவசரத்துக்குப் படிப்பவருக்கு வசதிபோலத் தோன்றும். வாதத்தைத் தொடர்ந்து வருபவருக்கோ எந்த வாக்கியம் எதைச் சார்ந்தது என்பது புலப்படாமல் போய்விடும். பொருள் எங்கே திரும்புகிறதோ அங்கே மட்டும் பிரியுங்கள்.

அடுத்தது உட்தலைப்பு. 1997-இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர்கள் யாக்கோப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் சோதித்தபோது, வாசகர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தைச் சொல் சொல்லாகப் படிக்காமல் மேய்ந்தே பார்த்தார்கள். மேய்கிற கண் நின்று இளைப்பாறத் தலைப்புகள் வேண்டும். "முன்னுரை", "சில சிந்தனைகள்" போன்றவை தலைப்பாக எண்ணத்தக்கவை அல்ல. அந்தப் பகுதியில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லும் தலைப்பு வேண்டும். தலைப்பைத் தடித்த எழுத்தால் மட்டும் காட்டிவிட்டு நகராமல், தொகுப்பானில் (கட்டுரையை ஏற்றித் திருத்தும் பக்கத்தில்) தலைப்பு என்றே குறியுங்கள். திரைவாசிப்பான் கொண்டு கேட்கும் பார்வையற்ற வாசகர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்வது அந்தக் குறியை நம்பித்தான்.

இவ்வளவும் செய்தபின்னும் வாசகர் ஓடினால் அது வடிவமைப்பின் கோளாறு அல்ல. நல்ல பிரதி திருத்துநர் ஒருவரிடம் கட்டுரையைக் கொடுக்க வேண்டிய இடம் இது.

அறிகுறி 2: "கண் வலிக்கிறது", "எழுத்து ஒன்றோடொன்று ஒட்டுகிறது"

தமிழ் எழுத்து மேலும் கீழும் கை நீட்டுவது. "நூல்" என்ற சொல்லின் அடிச்சுழி கீழே இறங்கும். "கீழ்" என்பதன் மேல்சுழி மேலே எழும். முதல் சொல் ஒரு வரியிலும் இரண்டாவது அதற்கு நேர் கீழ் வரியிலும் விழுந்தால், ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த தீம்களில் (தளத்துக்கான ஆயத்த வடிவமைப்புகளில்) இரண்டும் முட்டிக்கொள்கின்றன. ஆகவே முதலில் தளத்தின் தோற்றத்தை ஆளும் சிஎஸ்எஸ் நிரலில் லைன்-ஹைட் (வரி உயரம்) மதிப்பைப் பாருங்கள். 1.3, 1.4 என்று இருந்தால் 1.7 ஆக்கிவிட்டு மீண்டும் கைபேசியில் பாருங்கள். என் அனுபவத்தில் இந்த அறிகுறிக்கு வந்த புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரே மாற்றத்தோடு நின்றுவிட்டது. மதிப்பைப் பிக்சலில் எழுதாமல் வெறும் எண்ணாக எழுதுங்கள். பிக்சலில் எழுதினால், வயதான வாசகர் ஒருவர் எழுத்தளவைக் கூட்டும்போது எழுத்து மட்டும் வளர்ந்து வரி இடைவெளி வளராமல் நிற்கும். உலாவியில் எழுத்தை மட்டும் 200 விழுக்காடாகப் பெரிதாக்கி வரிகள் மோதுகின்றனவா என்று பார்ப்பது இதற்குச் சோதனை.

அடுத்து எழுத்தளவு. ஆங்கிலத்துக்கு 16 பிக்சல் போதும் என்று விட்டிருப்பார்கள். ஞ, ணை, ஐ போன்ற சுழி மிகுந்த எழுத்துகள் அதே அளவில் அடைத்துக்கொண்டு தெரியும். 18-இல் தொடங்கி 20 வரை போய்ப் பாருங்கள்.

அதன்பின் நிறம். மெல்லிய சாம்பல் எழுத்து நாகரிகம் என்ற எண்ணம் வடிவமைப்பாளர்களிடம் இன்னும் போகவில்லை. இணைய அணுக்க வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கின்றன. வெள்ளைப் பின்னணியில் #999 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் 2.85 மட்டுமே தருகிறது, #767676 மயிரிழையில் தேறுகிறது, #333 தாராளமாகத் தேறிவிடுகிறது. வேறுபாட்டைக் கணக்கிடும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. கருவி இல்லாவிட்டால் கைபேசியை எடுத்துக்கொண்டு நண்பகல் வெயிலில் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ப் படித்துப் பாருங்கள். வாசகர்கள் பலர் படிக்கும் இடம் அதுதான்.

மூன்றும் சரியாக இருந்தும் தடித்த எழுத்துகள் மட்டும் மை கொட்டியதுபோல் அடைத்திருக்கின்றனவா? தளம் இறக்கும் எழுத்துருவில் சாதாரணக் கனம் மட்டுமே இருந்து, தடித்த கனத்தை உலாவி தானே போலியாகப் பூசிக்கொள்கிறது என்பது அதன் பொருள். 700 என்ற கனத்துக்கான கோப்பையும் சேர்க்க வேண்டும், அல்லது தடிப்பைக் கைவிட வேண்டும். சாய்வெழுத்தும் பெரும்பாலும் இப்படிப் போலியாகச் சாய்க்கப்பட்டதே. தமிழ் அச்சில் சாய்வுக்கு வேரூன்றிய மரபு இல்லை என்பதால் அதை முழுவதும் விட்டுவிட்டு மேற்கோள் குறியைப் பயன்படுத்துவது என் வழக்கம்.

எழுத்துருவையே மாற்றுவது கடைசிப் படி. விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்.என். என்று ஒவ்வொன்றிலும் கணினியோடு வரும் எழுத்துரு இருக்கிறது. எந்த எழுத்துருவையும் தளம் இறக்காவிட்டாலும் பெரும்பாலான வாசகருக்குப் படிக்கத்தக்க தமிழ் கிடைத்துவிடும். தனி எழுத்துரு வேண்டுமென்றால் அதன் கோப்பு இறங்கும்வரை பக்கம் வெறுமையாக நிற்காதபடி அமைக்கவும், உரிமத்தைச் சரிபார்க்கவும் விவரம் தெரிந்த இணைய வடிவமைப்பாளர் ஒருவர் தேவைப்படுவார்.

அறிகுறி 3: சொற்களுக்கு நடுவே ஓட்டை, அல்லது சொல் பாதியில் முறிகிறது

ஓட்டைகள் என்றால் இருபுறமும் சமன்செய்த அமைப்புதான் காரணம் என்று ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அச்சு இதழிலிருந்து வந்தவர்களுக்கு வலது ஓரம் நேராக நில்லாவிட்டால் மனம் ஒப்பாது. ஆனால் வரிக்கு மூன்று சொற்களே கொள்ளும் திரையில், "வெளியேற்றப்பட்டவர்களுக்கும்" என்ற ஒரு சொல் அடுத்த வரிக்குப் போனால், மிச்சமிருக்கும் இரண்டு சொற்களும் திரையின் இரு ஓரங்களுக்கும் இழுக்கப்பட்டு நடுவில் ஒரு சந்து விழும். அத்தகைய சந்துகள் நான்கைந்து வரிகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துவிட்டால் கண் வரியை விட்டுவிட்டுச் சந்துவழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. இடப்புறம் மட்டும் ஒட்டி நிற்குமாறு மாற்றுங்கள். வலப்புறம் பல்வரிசை போல ஏறி இறங்கி இருக்கட்டும். ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.

இடப்புறம் ஒட்டியபின்னும் சில வரிகள் மட்டும் பாதியில் நின்று, மீதி இடம் காலியாகக் கிடக்கிறதா? அங்கே சொற்களுக்கு நடுவில் இருப்பது சாதாரண இடைவெளி அல்ல, முறியாத இடைவெளி. வேறு இடத்திலிருந்து ஒட்டிய பிரதியில் இது கண்ணுக்குத் தெரியாமல் வந்துவிடும். அதனால் இணைந்த மூன்று சொற்களை உலாவி ஒரே சொல்லாகக் கருதி ஒன்றாக அடுத்த வரிக்குத் தள்ளுகிறது. சந்தேகப்படும் ஓர் இடைவெளியை அழித்துவிட்டுக் கையால் மீண்டும் தட்டுங்கள். வரி தானாகச் சீரடைந்தால் நோய் அதுதான். நிரல் பார்வைக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம்.

சொல் முறிவது தனிக் கதை. "விவசா" என்று ஒரு வரி முடிந்து "யிகளுக்கு" என்று அடுத்த வரி தொடங்கினால், தீமில் வேர்ட்-பிரேக் என்ற பண்புக்கு பிரேக்-ஆல் என்ற மதிப்பைக் கொடுத்திருப்பார்கள். நீளமான இணைய முகவரி திரைக்கு வெளியே ஓடாமலிருக்க யாரோ செய்த வேலை அது. அதை நீக்கி, ஓவர்ஃப்ளோ-ராப் என்ற பண்புக்கு பிரேக்-வேர்டு என்ற மதிப்பைக் கொடுங்கள். அப்போது ஒரு முழு வரியிலும் அடங்காத சொல் மட்டுமே முறியும். பழைய மெய்ப்புத் திருத்துநர்கள் புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வந்து உட்கார்வதைப் பொறுக்கமாட்டார்கள். பிரேக்-ஆல் அந்த நாசூக்கை அறியாது.

அறிகுறி 4: எழுத்தே உடைந்து தெரிகிறது

இங்கேதான் பொறுமை வேண்டும், ஏனென்றால் உடைந்த எழுத்தில் நான்கு வகை உண்டு; வகை தெரியாமல் மருந்து கொடுத்தால் நோய் முற்றும். ஸ்கிரீன்ஷாட்டை உற்றுப் பாருங்கள்.

4.1 காலிக் கட்டங்கள் தெரிந்தால்

தரவு நலமாக இருக்கிறது, வாசகரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. தளத்தோடு ஒரு தமிழ் எழுத்துருவை இணைத்துவிட்டால் தீர்ந்தது.

4.2 பொருளற்ற ரோமன் எழுத்துகள் தெரிந்தால்

இதில் இரு கிளைகள் உள்ளன. தலையில் சாய்கோடிட்ட 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' அடங்கிய வணிகக்குறியும் திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைகளில் ஒன்று) உள்ள தமிழை உலாவி மேற்கத்தியக் குறியாக்கம் என்று நினைத்துப் படிக்கிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அறிவித்திருந்தும் அப்படியே தெரிந்தால் பிழை தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் கட்டுரையைத் திறந்து மீண்டும் சேமித்துவிடாதீர்கள். மாற்றிய குறியாக்கத்தின்மேல் இன்னொரு மாற்றம் ஏறினால் மீட்பது கடினம். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு தரவுத்தளம் தெரிந்தவரை அழையுங்கள்.

மற்றொரு கிளை, சாதாரண ரோமன் எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து வருவது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற வரிசை கண்ணில் பட்டால் அது பாமினி எழுத்துருவில் அடித்த "தமிழ்" என்ற சொல். ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் பாமினி, வானவில், டிஸ்கி, டேப் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் அடித்த கோப்புகள் அச்சகங்களில் இன்னும் குவிந்துகிடக்கின்றன. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல்தான். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இதைச் சில நொடிகளில் மாற்றிவிடும். மாற்றியபின் எண்களையும் மேற்கோள் குறிகளையும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் மாற்றி அவற்றையும் தமிழாக்கி வைத்திருக்கும். ஒன்றிரண்டு கட்டுரைகளானால் நாமே செய்யலாம். பத்தாண்டு இதழ்த்தொகுப்பு முழுவதும் பழைய குறியாக்கத்தில் இருந்தால் கூலி கொடுத்து ஆளமர்த்துவதே மலிவு.

4.3 வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால்

தமிழை ஏற்காத இடத்தில் சேமித்ததால் எழுத்துகள் அழிந்தே போயின. எந்த வல்லுநராலும் கேள்விக்குறியிலிருந்து எழுத்தைக் கறக்க முடியாது. பழைய பிரதியைத் தேடுங்கள். அடுத்த கட்டுரையை ஏற்றுமுன் தரவுத்தளத்தின் குறியாக்கத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

4.4 பெரும்பாலும் சரி, ஆங்காங்கே மட்டும் பிழை

புள்ளியால் ஆன சிறு வட்டம் தெரிந்தால், உயிர்மெய்க் குறி மெய்யைப் பிடிக்காமல் தனியே நிற்கிறது என்று பொருள். தட்டச்சுப்பொறிப் பழக்கத்தில் கொம்பை முதலிலும் ககரத்தை அடுத்தும் அடித்திருப்பார்கள். ஒருங்குறியில் மெய் முன்னே, குறி பின்னே.

இதைவிட மறைவான பிழை ஒன்று உண்டு. "கௌரவம்" என்பதையும் "கெளரவம்" என்பதையும் பாருங்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் இருப்பது கெ என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் நிற்கும் ள என்ற தனி எழுத்தும். பல எழுத்துருக்களில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருப்பதால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். திரைவாசிப்பான் இரண்டாவதைக் "கெ ள ர வம்" என்றே படிக்கும். தேடுபொறியில் "கௌரவம்" என்று தேடுபவருக்கு அந்தக் கட்டுரை அகப்படாமல் போகலாம். "ஒளவையார்" என்று ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து அடிப்பதும் இதே குற்றம். பழைய நூல்களை ஒளியுணரி (ஓசிஆர்) கொண்டு எழுத்தாக்கியிருந்தால் துணைக்காலும் ரகரமும் இடம் மாறியிருக்கும்: "காலம்" என்பது "கரலம்" ஆகியிருக்கும். கட்டுரைக்குள் கெள, பெள, மெள, ஒள என்று ஒவ்வொன்றாகத் தேடினால் ஔகாரப் பிழைகள் வெளிவரும். கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். "ஒளி" ஒளியாகவே இருக்க வேண்டும். நான் ஒருமுறை அவசரத்தில் மொத்தமாக மாற்றி, ஒரு முழுக் கட்டுரையிலும் விளக்கு "ஔி" வீசியதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 5: "எது முக்கியம் என்றே தெரியவில்லை"

எல்லாம் தடிப்பாக, சிவப்பாக, அடிக்கோட்டோடு இருக்கும் பக்கங்களுக்கு வரும் புகார் இது. அடிக்கோட்டை இணைப்புகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். இணைப்பில்லாத அடிக்கோட்டைத் தட்டிப் பார்த்து ஏமாறும் வாசகர் அடுத்த உண்மையான இணைப்பையும் தொடமாட்டார். தடிப்பு ஒரு திரைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். வல்லுநர் இங்கே தேவையில்லை. நீக்குவதற்கு மனம் வந்தால் போதும்.

அறிகுறி 6: வாட்ஸப்பில் பகிர்ந்தால் குறிகள் அப்படியே தெரிகின்றன

சொல்லைத் தடிப்பாக்க இருபுறமும் உடுக்குறி (*) இடுகிறோம். உடுக்குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் தடிப்பு வராமல் குறி மட்டும் தெரியும். ஒட்டி அடியுங்கள், ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே இடுங்கள், பத்தி முறிவைத் தாண்டி அது வேலை செய்யாது. நீண்ட செய்தியை வாட்ஸப் பாதியில் மடித்து "மேலும் படிக்க" என்று காட்டும் என்பதால், சொல்லவந்த செய்தி முதல் இரண்டு வரிகளில் இருக்கட்டும். வணக்கமும் நலம் விசாரிப்பும் பிறகு வரலாம்.

அறிகுறி 7: படமாகப் போட்ட கட்டுரையை யாரும் படிப்பதில்லை

அறிவிப்பு, கவிதை, சில வேளை முழுக் கட்டுரையையுமே அழகான பின்னணியில் படமாகச் செய்து ஏற்றுகிறார்கள். படத்தில் எழுத்து திரைக்கேற்ப மடங்காது. வாசகர் விரலால் பெரிதாக்கி இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டே படிக்க வேண்டும். தேடுபவருக்கும் திரைவாசிப்பானுக்கும் அது பெரும்பாலும் வெறும் படம்தான். பக்கத்தில் எழுத்தாக ஒரு பிரதி போடுங்கள். படத்தை ஆக்கியவரிடம் மூலப் பிரதி கட்டாயம் இருக்கும், கேட்டால் கொடுப்பார்.

வல்லுநரை அழைக்கும்போது

மேலே எந்த இடத்தில் வல்லுநரை நாடினாலும், வெறுங்கையோடு போகாதீர்கள். பக்கத்தின் முழு முகவரி, வாசகர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அவருடைய கைபேசி மாதிரி, உலாவியின் பெயரும் பதிப்பும், பிழை தெரியும் ஒரு வரியின் உரை, இதுவரை நீங்கள் மாற்றிப் பார்த்தவை ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். உரையைப் படமாக மட்டுமின்றி நகலெடுத்து ஒட்டியும் அனுப்ப வேண்டும். ளகரமா ஔகாரக் குறியா என்பதைப் படத்திலிருந்து கண்டறிய இயலாது. "தமிழ் சரியாத் தெரியலை சார்" என்று மட்டும் தொலைபேசியில் சொன்னால், அவர் தம் கணினியில் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்று வைத்துவிடுவார்.